கடிதத்தோடு வரும் வைரஸ்: மெயில் சர்வரையும் கடைக் கம்ப்யூட்டரையும் காப்பது எப்படி?

வாசலூர்பட்டியில் மிளகும் காப்பிக் கொட்டையும் வாங்கி விற்பவருக்குக் கம்ப்யூட்டர் வைரஸைப் பற்றி என்ன கவலை என்று நம் உறுப்பினர்களில் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதுதான். ஆனால் இன்று மலையிலிருந்து ஒரு லோடு சரக்கு இறங்கும் முன்பே அதன் பில்லும் விலைப்பட்டியலும் மின்னஞ்சலில் வாங்குபவரிடம் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. சரக்கு லாரி 70 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிக் காரவள்ளிக்கு இறங்க வேண்டும். மின்னஞ்சலுக்கு வளைவும் இல்லை, சாவடியும் இல்லை. போகிற பாதை அத்தனை சுலபம் என்றால், வருகிற பாதையும் அதே அளவுக்குச் சுலபம்தான்.

கடையில் திருடன் புகுந்தால் கல்லாவில் இருந்த பணம் போகும். கணக்குக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தால், யார் யார் நமக்கு எவ்வளவு பாக்கி தர வேண்டும், நாம் யாருக்கு எவ்வளவு தர வேண்டும், கிடங்கில் எத்தனை மூட்டை இருக்கிறது, ஜி.எஸ்.டி. கணக்கில் என்ன காட்டியிருக்கிறோம் என்ற விவரம் அத்தனையும் ஒரே இரவில் பூட்டிக்கொள்ளும். பணம் போனால் மீண்டும் சம்பாதிக்கலாம். பாக்கிக் கணக்கு போனால் கேட்பதற்கே ஆதாரம் இல்லாமல் போய்விடும். ஆகவே இந்த இதழில் மின்னஞ்சல் வழியாக வரும் வைரஸிலிருந்து சர்வரையும் கடைக் கம்ப்யூட்டர்களையும் காக்கும் வழிகளை விளக்கமாகப் பார்ப்போம்.

வைரஸ் வந்த வரலாறு

வைரஸ் என்பதும் ஒரு புரோகிராம்தான். பில் போடுவதற்கு ஒரு புரோகிராம் இருப்பதைப் போல, கெடுதல் செய்வதற்கென்று எழுதப்பட்ட புரோகிராம் அது. தானாகப் பிரதி எடுத்துக்கொண்டு ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்.

ஐ.பி.எம். வகைக் கம்ப்யூட்டர்களைத் தாக்கிய முதல் வைரஸ் 1986-இல் லாகூரில் பிறந்தது. அதன் பெயர் பிரெய்ன். எழுதியவர்கள் அங்கே கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த அண்ணன் தம்பி இருவர். தங்கள் கடைப் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் வைரஸுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் வைரஸ் பிளாப்பி தட்டில்தான் பயணம் செய்தது. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போக வாரங்கள், மாதங்கள் ஆகும்.

மின்னஞ்சல் பரவலானதும் அந்த வேகம் மாறியது. 1999 மார்ச் மாதம் மெலிஸா என்ற வைரஸ் வந்தது. வேர்டு கோப்பு ஒன்றை இணைத்து வரும். திறந்தால், அந்தக் கம்ப்யூட்டரின் முகவரிப் பட்டியலில் உள்ள முதல் 50 பேருக்குத் தானே கடிதம் அனுப்பும். அனுப்பியவர் தெரிந்தவராயிற்றே என்று அந்த 50 பேரும் திறப்பார்கள். பெரிய பெரிய கம்பெனிகளே தங்கள் மெயில் சர்வரைச் சில மணி நேரம் நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று.

அடுத்த ஆண்டு, 2000 மே 4 அன்று, பிலிப்பைன்ஸிலிருந்து ‘ஐ லவ் யூ’ என்ற தலைப்போடு ஒரு வைரஸ் கிளம்பியது. காதல் கடிதம் போலத் தோன்றிய இணைப்பின் பெயரின் நடுவில் டி.எக்ஸ்.டி. என்று இருந்தது. கடைசியில் வி.பி.எஸ். என்ற புரோகிராம் குறியீடு ஒளிந்திருந்தது. விண்டோஸ் அந்தக் கடைசி எழுத்துகளைக் காட்டாமல் மறைத்துவிட்டதால், சாதாரண எழுத்துக் கோப்பு என்று நினைத்துப் பலரும் திறந்தார்கள். அது முகவரிப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் தன்னை அனுப்பிக்கொண்டது. படக் கோப்புகளின் மேல் தன்னை எழுதி அவற்றை அழித்தது. பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில்கூட அன்று மின்னஞ்சலை நிறுத்தி வைத்தார்கள். பிலிப்பைன்ஸில் அப்போது இதற்கென்று சட்டம் இல்லாததால் எழுதியவர் தண்டனை பெறவில்லை. நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அதே ஆண்டு அக்டோபர் 17-இல் நடைமுறைக்கு வந்தது. பிறர் கம்ப்யூட்டரில் மோசடி எண்ணத்தோடு வைரஸ் புகுத்தினால் இன்று 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

அன்றைய வைரஸ் எழுதியவர்களில் பலர் விளம்பரத்துக்காகவும் விளையாட்டுக்காகவும் எழுதினார்கள். இன்று அது முழுக்க முழுக்கப் பணம் பறிக்கும் தொழிலாகிவிட்டது. நம் கோப்புகளைப் பூட்டிவிட்டுச் சாவிக்குப் பணம் கேட்பதை ரான்சம்வேர் என்கிறார்கள். 2021 செப்டம்பரில் சென்னைத் தலைமைச் செயலகத்தின் பொதுத்துறைக் கம்ப்யூட்டர்களே இப்படிப் பூட்டப்பட்ட செய்தி பத்திரிகைகளில் வந்தது. கோட்டைக்குள்ளேயே புகுந்தவனுக்கு நம் கடைக் கதவு ஒரு தடையாக இருக்காது.

வைரஸ் போடும் வியாபார வேடம்

காதல் கடித வேடம் பழையதாகிவிட்டது. இப்போது வைரஸ் போட்டுக்கொண்டு வரும் வேடம் நம் தொழிலின் வேடம். ‘பில் இணைப்பில் உள்ளது’, ‘கொட்டேஷன் தேவை’, ‘பணம் செலுத்திய ரசீது’, ‘பார்சல் திரும்பி வந்துவிட்டது’, ‘வரித்துறை நோட்டீஸ்’ என்று தலைப்பு இருக்கும். மற்றவர்கள் இப்படிப்பட்ட கடிதத்தைக் கண்டால் ‘நமக்கு எதற்கு?’ என்று விட்டுவிடலாம். வியாபாரி அப்படி விட முடியாது. முன்பின் தெரியாதவரிடமிருந்து விலை விசாரித்துக் கடிதம் வருவதுதான் நம் பிழைப்பு. இதனாலேயே மற்ற எல்லோரையும்விட நாம் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டியிருக்கிறது.

மெயில் சர்வர் எது, கிளையண்ட் எது?

செம்மேட்டுத் தபால் நிலையத்தை நினைத்துக்கொள்வோம். வெளியூரிலிருந்து வரும் தபால் எல்லாம் முதலில் அங்கே வரும். பிரித்து வைத்த பிறகு அவரவர் வீட்டுக்குப் போகும். மின்னஞ்சலில் தபால் நிலையத்தின் வேலையைச் செய்யும் கம்ப்யூட்டர் மெயில் சர்வர். கடையில் இருந்துகொண்டு அந்தக் கடிதத்தை எடுத்துப் படிக்கும் நம் கம்ப்யூட்டரும் செல்போனும் கிளையண்ட்.

சிறு கடைக்காரர்கள் பெரும்பாலும் ஜிமெயில், சோகோ மெயில் போன்ற பெரிய நிறுவனங்களின் சர்வரையே பயன்படுத்துகிறோம். அவற்றில் வைரஸ் சோதனை ஏற்கெனவே உண்டு. ராசிபுரத்திலும் நாமக்கல்லிலும் சேலத்திலும் உள்ள மொத்த வியாபாரிகள் சிலர் தங்கள் கம்பெனிப் பெயரிலேயே மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொண்டு, சர்வரை வாடகைக்கு எடுத்தோ சொந்தமாகவோ நடத்துவார்கள். அங்கே யார் என்ன சோதனை வைத்திருக்கிறார்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது முதலாளியின் பொறுப்பு.

சர்வரிலேயே வைரஸைத் தடுத்துவிட்டால் கடைக் கம்ப்யூட்டரில் எதற்கு இன்னொரு காவல் என்று தோன்றும். கொல்லிமலைக்குக் காரவள்ளி வழியும் உண்டு, முள்ளுக்குறிச்சி வழியும் உண்டு. ஒரு வழியில் மட்டும் சாவடி போட்டால் சரக்கு மறு வழியில் ஏறிவிடும். வைரஸும் அப்படித்தான். மின்னஞ்சலில் வராதது பென் டிரைவில் வரும், வாட்ஸ்அப்பில் வரும், கடன் வாங்கிய லேப்டாப்பில் வரும். அதுமட்டுமல்ல. கடவுச்சொல் போட்டுப் பூட்டிய ஜிப் கோப்பைச் சர்வர் திறந்து பார்க்க முடியாது. கடிதத்திலேயே கடவுச்சொல்லை எழுதி அனுப்பி, நம் கையாலேயே திறக்க வைப்பார்கள். ஆக இரண்டு இடத்திலும் காவல் வேண்டும். முடிந்தால் இரண்டும் வெவ்வேறு கம்பெனியின் ஆன்டிவைரஸாக இருப்பது நல்லது. ஒன்று தவறவிட்டதை மற்றொன்று பிடிக்க வாய்ப்பு உண்டு.

சர்வரில் செய்ய வேண்டியவை

சொந்த சர்வர் வைத்திருப்பவர்கள் தங்கள் கம்ப்யூட்டர் ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். வாடகைக்கு எடுத்தவர்கள் வாடகைக்கு விட்டவரிடம் கேட்கலாம்.

முதலாவது, உள்ளே வரும் ஒவ்வொரு கடிதமும் பெட்டியில் விழும் முன்பே சோதிக்கப்பட வேண்டும். லினக்ஸ் சர்வர்களில் இதற்குக் கிளாம் ஏவி என்ற இலவச ஆன்டிவைரஸைப் பலர் பயன்படுத்துகிறார்கள். விலைக்கும் பல உண்டு.

இரண்டாவது, சில வகை இணைப்புகளை வைரஸா இல்லையா என்று பார்க்காமலே நிறுத்திவிடலாம். இ.எக்ஸ்.இ., வி.பி.எஸ்., ஜே.எஸ்., எஸ்.சி.ஆர்., பி.ஏ.டி., எல்.என்.கே. என்று முடியும் கோப்புகளை எந்த மிளகு வியாபாரியும் நமக்கு அனுப்பப் போவதில்லை. நேர்மையான பில் பி.டி.எஃப். ஆகவோ எக்ஸெல் ஆகவோ படமாகவோதான் வரும். புதிய வைரஸை ஆன்டிவைரஸ் அடையாளம் கண்டுகொள்ளச் சில மணி நேரமோ ஒன்றிரண்டு நாளோ ஆகலாம். அந்த இடைவெளியில் நம்மைக் காப்பது இந்தத் தடைதான்.

மூன்றாவது, வெளியே போகும் கடிதத்தையும் சோதிக்க வேண்டும். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நம் கடைக் கம்ப்யூட்டர் ஒன்றில் வைரஸ் புகுந்து, நம் சர்வர் வழியாக ஆயிரக்கணக்கில் குப்பைக் கடிதம் அனுப்பினால், உலக அளவில் வைத்திருக்கும் கறுப்புப் பட்டியலில் நம் சர்வர் ஏறிவிடும். அதன் பிறகு நாம் அனுப்பும் நிஜ பில்லையும் வாங்குபவரின் சர்வர் திருப்பி அனுப்பிவிடும். அந்தப் பட்டியலிலிருந்து பெயரை எடுப்பதற்குள் எத்தனை ஆர்டர் கை நழுவும் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, வைரஸ் பிடிபட்டால் ‘உங்கள் கடிதத்தில் வைரஸ் இருந்தது’ என்று அனுப்பியவருக்குப் பதில் எழுதும் ஏற்பாட்டை நிறுத்திவிட வேண்டும். 2001-இல் வந்த கிளெஸ் வைரஸ் தொடங்கி, அனுப்புநர் பெயரைப் பொய்யாகப் போடுவது வழக்கமாகிவிட்டது. நம் பதில் சம்பந்தமே இல்லாத ஒருவருக்குப் போய் வீண் மனத்தாங்கலை உண்டாக்கும்.

ஐந்தாவது, கம்ப்யூட்டர் ஆட்களும் சில நேரம் தவறும் இடம் ஒன்று. சாதாரணக் கம்ப்யூட்டருக்கான ஆன்டிவைரஸைச் சர்வரில் போட்டு, கடிதங்கள் சேமித்து வைக்கும் கோப்பையும் அது தொடுமாறு விட்டுவிடக் கூடாது. பல சர்வர்களில் எல்லோருடைய கடிதமும் ஒரே பெரிய கோப்பில் இருக்கும். அதற்குள் ஒரு வைரஸைக் கண்டுவிட்டு ஆன்டிவைரஸ் மொத்தக் கோப்பையும் தனியே பூட்டி வைத்தால், எல்லோருடைய கடிதமும் போச்சு. சேமிப்புக் கோப்பை அந்தச் சோதனையிலிருந்து விலக்கிவிட்டு, கடிதங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தெரிந்த மெயில் ஆன்டிவைரஸை வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆறாவது, நம் கம்பெனிப் பெயரில் வேறு யாரும் கடிதம் அனுப்பாமல் தடுக்கும் பதிவுகள். எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டி.எம்.ஏ.ஆர்.சி. என்று மூன்று உண்டு. ‘எங்கள் பெயரில் கடிதம் வந்தால் இந்தச் சர்வரிலிருந்து வந்தால்தான் உண்மை, கையெழுத்து இப்படி இருக்கும், பொய்யாக வந்தால் தள்ளிவிடுங்கள்’ என்று உலகுக்கு அறிவித்து வைப்பதுதான் இவற்றின் பொருள். இவற்றைப் போடுவதற்குத் தனிச் செலவு கிடையாது. தெரிந்தவருக்குச் சில மணி நேர வேலை.

எல்லாம் போட்ட பிறகு காவல் வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். இதற்கென்றே ஐகார் என்ற சோதனைக் கோப்பு இருக்கிறது. வெறும் 68 எழுத்துகள். எந்தக் கெடுதலும் செய்யாது. ஆனால் எல்லா ஆன்டிவைரஸும் இதை வைரஸ் என்றே அறிவிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. வெளியிலிருந்து அதை இணைத்துக் கடிதம் அனுப்பிப் பாருங்கள். பெட்டிக்குள் வந்து விழுந்தால் உங்கள் காவலாளி தூங்குகிறார் என்று பொருள்.

கடைக் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியவை

விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் இலவசமாகவே கூட வருகிறது. தனியாக வாங்க விரும்புபவர்களுக்கு நம் நாட்டுத் தயாரிப்புகளே உண்டு. சென்னையின் கே7 1990-களின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. புனேயின் குயிக் ஹீல், கால்குலேட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர் தொடங்கிய நிறுவனம். எதை வைத்தாலும் ஒன்றை மட்டும் வையுங்கள். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆன்டிவைரஸ் ஓடினால் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு கம்ப்யூட்டரை நகர விடாது. திருட்டு நகலாக இலவசமாகக் கிடைக்கிறது என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். பூட்டைத் திருடனிடமே வாங்குவது போலாகும்.

ஆன்டிவைரஸுக்குத் தினமும் புதிய வைரஸ் பட்டியல் வந்து சேர வேண்டும். மலையில் சிக்னல் விட்டு விட்டு வருவது நமக்குத் தெரிந்ததுதான். காலையில் கடை திறந்ததும் அந்தப் பட்டியல் எந்தத் தேதியில் கடைசியாக வந்தது என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். நான்கைந்து நாள் பழையதாக இருந்தால், சிக்னல் நன்றாக உள்ள நேரத்தில் அதை முதலில் இறக்கிவிட்டுப் பிறகு கடிதம் பாருங்கள்.

விண்டோஸின் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்களும் அவ்வப்போது வரும். 2017 மே 12-இல் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் சுமார் 150 நாடுகளில் பரவியது. நம் நாட்டிலும் புகுந்தது. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச் மாதமே திருத்தம் கொடுத்திருந்தது. இரண்டு மாதம் அதைப் போடாமல் விட்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொண்டார்கள். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடும் வழக்கமான இலவசத் திருத்தம் நின்றுவிட்டது. பழைய கம்ப்யூட்டரை ஓடும் வரை ஓட்டலாம் என்று வைத்திருப்பவர்கள், அதைத் தராசுக்கும் பில் பிரிண்டருக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, இணையத்திலிருந்து பிரித்துவிடுவது உத்தமம்.

கடைப் பையன்கள் தினமும் வேலை செய்யும் கம்ப்யூட்டரில் அவர்களுக்குச் சாதாரணப் பயனாளர் கணக்கு மட்டும் கொடுங்கள். புதிய புரோகிராம் ஏற்றும் அதிகாரம் உள்ள அட்மின் கணக்கு முதலாளியிடம் இருக்கட்டும். சாதாரணக் கணக்கில் புகுந்த வைரஸால் கம்ப்யூட்டர் முழுவதையும் பிடிப்பது கடினம்.

கோப்பின் பெயர் முழுவதும் தெரியும்படி விண்டோஸில் மாற்றி வையுங்கள். ‘பில்’ என்று தொடங்கிப் பி.டி.எஃப். என்று காட்டி, கடைசியில் இ.எக்ஸ்.இ. என்று முடிந்தால் அது பில் இல்லை. எக்ஸெல் கோப்பைத் திறக்கும்போது மேலே மஞ்சள் பட்டையில் ‘எனேபிள் கன்டென்ட்’ என்று வந்தால் அழுத்த வேண்டாம். விலைப்பட்டியலைப் படிப்பதற்கு அதை அழுத்த வேண்டிய தேவை கிடையாது. இணையத்திலிருந்து வந்த கோப்புகளில் மாக்ரோ ஓடாமல் மைக்ரோசாஃப்டே 2022 முதல் தடுத்து வைத்திருக்கிறது. அந்தத் தடையை எடுக்கும் வழியைக் கடிதத்திலேயே படம் போட்டு விளக்கியிருந்தால், அந்தக் கடிதத்தை உடனே அழித்துவிடுங்கள்.

மின்னஞ்சலுக்கு இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம் வேண்டும். கடவுச்சொல்லோடு செல்போனில் வரும் எண்ணையும் கேட்கும் முறை அது. கடவுச்சொல் திருடு போனாலும் கதவு திறக்காது.

ஆன்டிவைரஸ் பிடிக்காத மோசடி

வைரஸே இல்லாத ஒரு கடிதம் எல்லாவற்றையும்விட அதிகப் பணத்தைக் கொண்டுபோகக்கூடும். கொச்சியில் உள்ள ஒருவருக்கு நாம் மிளகு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். யாரோ ஒருவன் நம் மின்னஞ்சலுக்குள் புகுந்து, சில வாரம் சத்தமில்லாமல் எல்லாக் கடிதங்களையும் படித்துக்கொண்டிருப்பான். சரக்கு போய்ச் சேர்ந்து பணம் வர வேண்டிய நாளில், நம் பெயரிலேயே அவருக்கு ஒரு கடிதம் போகும்: ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்தப் புதிய கணக்கில் பணம் போடவும்.’ பில் நம்பர் சரியாக இருக்கும், தொகை சரியாக இருக்கும், எழுதும் நடையும் நம்முடையது போலவே இருக்கும். அவர் பணத்தைப் போட்டுவிடுவார். சரக்கும் போய், பணமும் போய், இத்தனை வருஷப் பழக்கமும் கெட்டுப்போகும்.

எந்த ஆன்டிவைரஸும் இதைக் கண்டுபிடிக்காது. ஏனென்றால் அதில் இருப்பது எழுத்து மட்டும்தான். இதற்கு மருந்து நம் பழைய வழக்கம்தான். வங்கிக் கணக்கு மாற்றம் என்று கடிதம் வந்தால், ஏற்கெனவே நம்மிடம் உள்ள தொலைபேசி எண்ணில் கூப்பிட்டுக் குரலைக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். கடிதத்தில் கொடுத்துள்ள எண்ணில் கூப்பிடக் கூடாது. ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறினால் நேரில் அல்லது தொலைபேசியில்தான் சொல்வோம்’ என்று ஒவ்வொரு பில்லின் அடியிலும் அச்சிட்டு வைத்தால் வாங்குபவரும் எச்சரிக்கையாக இருப்பார். மாதம் ஒரு முறை மின்னஞ்சல் அமைப்பில் போய், நமக்கு வரும் கடிதம் தானாகவே வேறு முகவரிக்குப் போகும்படி யாராவது விதி எழுதி வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஒளிந்து படிப்பவர்கள் இந்த விதியைத்தான் முதலில் போடுவார்கள்.

கணக்குக்கு ஒரு நகல்

மேலே சொன்ன அத்தனையும் செய்த பிறகும் ஒரு நாள் வைரஸ் புகுந்துவிடலாம். அன்று நம்மைக் கடை திறக்க வைப்பது, வேறிடத்தில் எடுத்து வைத்த நகல் ஒன்றுதான்.

2017 ஜூன் 27-இல் நாட்பெட்யா என்ற வைரஸ் உக்ரைன் நாட்டில் கிளம்பியது. அந்த நாட்டு வியாபாரிகள் வரிக்கணக்குக்காகப் பயன்படுத்தி வந்த ஒரு கணக்கு மென்பொருளின் புதுப்பிப்போடு சேர்ந்தே அது வந்தது. மெர்ஸ்க் என்ற டென்மார்க் கப்பல் கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் உலகம் முழுவதும் முடங்கின. மும்பையை அடுத்த ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்திய முனையத்திலும் வேலை நின்று, கன்டெய்னர்கள் தேங்கின. நஷ்டம் 20 கோடி முதல் 30 கோடி டாலர் வரை என்று மெர்ஸ்க்கே அறிவித்தது. கம்பெனியின் மொத்தக் கம்ப்யூட்டர் அமைப்பையும் மீட்க அவசியமான ஒரு பதிவு எல்லா நாடுகளிலும் அழிந்துவிட்டது. ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் மட்டும் ஒரு பிரதி மிஞ்சியிருந்தது. காரணம், வைரஸ் வந்த நேரத்தில் அங்கே கரண்ட் போயிருந்தது. அந்தக் கம்ப்யூட்டர் வலையிலிருந்து பிரிந்து இருந்ததால் தப்பித்தது.

அத்தனை பெரிய கம்பெனியை மின்தடை காப்பாற்றியது. நாம் மின்தடையை நம்பி இருக்க வேண்டாம். இரண்டு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒன்று மாற்றி ஒன்றில், டேலி கணக்கையும் மின்னஞ்சலையும் நகல் எடுங்கள். நகல் எடுத்து முடிந்ததும் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். இது மிக முக்கியம். செருகியபடியே விட்டால் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஒன்று கடையில் இருக்கட்டும், மற்றொன்று வீட்டில் இருக்கட்டும். மாதம் ஒரு முறை அந்த நகலிலிருந்து கணக்கைத் திறந்து பார்த்துச் சரியாக இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

2022 நவம்பர் 23-இல் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் ஐந்து பூட்டப்பட்டன. ஏறக்குறைய இரண்டு வாரம் சீட்டு எழுதுவது, பரிசோதனை முடிவு கொடுப்பது என்று எல்லாம் கையாலேயே நடந்தன. கடைசியில் நோயாளிகளின் விவரம் மீண்டது, பாதிப்படையாத ஒரு நகல் சர்வரிலிருந்துதான் என்று அரசு பாராளுமன்றத்தில் தெரிவித்தது.

வைரஸ் வந்துவிட்டால்

பதற்றத்தில் எதையாவது அழுத்திக்கொண்டிருக்காமல், முதலில் அந்தக் கம்ப்யூட்டரின் இணைய ஒயரைப் பிடுங்குங்கள். வைஃபையை நிறுத்துங்கள். மற்றக் கம்ப்யூட்டர்களையும் சர்வரிலிருந்து பிரித்து வையுங்கள். நகல் எடுத்த டிஸ்கை அவசரப்பட்டு அதில் செருகாதீர்கள். திரையில் வந்த செய்தியைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாதிப்பு இல்லாத வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல், வங்கி, ஜி.எஸ்.டி. கடவுச்சொற்களை மாற்றுங்கள். நம்மிடமிருந்து கடிதம் வந்தால் திறக்க வேண்டாம் என்று வாடிக்கையாளர்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். இதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு மறைத்தால் அவர்கள் கடைக்கும் போய்ச் சேரும்.

பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம் என்பதே நம் கருத்து. கொடுத்தவர்கள் எல்லோருக்கும் சாவி கிடைப்பதில்லை. கொடுக்கிறவர் என்று பெயர் எடுத்தவரிடம் மீண்டும் வருவார்கள். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் 1930 என்ற தேசிய எண்ணில் உடனே புகார் செய்யுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் அடுத்த கணக்குக்கு மாறும் முன் நிறுத்த வாய்ப்பு உண்டு. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2004 முதல் இத்தகைய தாக்குதல்களைக் கவனித்து வருகிறது. கம்பெனிகள் தாக்குதலைக் கண்டறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2022-இல் அது உத்தரவிட்டது. அதே அமைப்பு நடத்தும் சைபர் ஸ்வச்தா கேந்திரா 2017 முதல் வைரஸ் நீக்கும் கருவிகளை இலவசமாகத் தருகிறது.

இத்தனையும் படித்துவிட்டு மலைப்பாக இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். இந்த வாரமே செய்யக்கூடியவை மூன்று: ஒரு வெளி டிஸ்க் வாங்கி நகல் எடுத்துக் கழற்றி வைப்பது, மின்னஞ்சலுக்கு இரட்டைச் சரிபார்ப்பு போடுவது, ‘கணக்கு எண் மாற்றம்’ என்ற கடிதத்தைத் தொலைபேசியில் கேட்காமல் நம்ப மாட்டோம் என்று கடையில் எல்லோருக்கும் சொல்லி வைப்பது. சர்வர் வைத்திருப்பவர்கள் மேலே சொன்ன ஆறு விஷயங்களையும் தங்கள் கம்ப்யூட்டர் ஆளிடம் அடுத்த மாதத்துக்குள் கேட்டு முடித்துவிட வேண்டும். பகலெல்லாம் உழைத்துச் சேர்த்த சரக்குக்குக் கிடங்கில் பூட்டுப் போடாமல் நாம் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. அந்தச் சரக்கின் கணக்குக்கும் அதே பூட்டைப் போடுவோம்.